கழுவுகிறவள் கழற்றிய எஞ்சின்

பத்தொன்பது வருஷமாக நான் கார் பட்டறையில் சாமான் கழுவுகிறேன். மெக்கானிக்குகள் எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள். கரியும் ஆயிலுமாக அது தட்டுத் தட்டாக என்னிடம் வரும். மண்ணெண்ணெய்த் தொட்டியில் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, எது எதோடு வந்ததோ அதோடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு வாஷர் மாறினாலும் பேச்சு எனக்குத்தான். பட்டறையில் எனக்குப் பெயர் மண்ணெண்ணெய் அக்கா. முதலாளி மட்டும் அக்காவை விட்டுவிட்டுக் கூப்பிடுவார்.

தொட்டிக்கு நேர் எதிரே பெஞ்ச் இருக்கிறது. கழுவின சாமானை வைத்து எஞ்சினை மறுபடியும் கோர்க்கிற இடம். நாலைந்து பேர் நிற்கிற இரும்புப் பலகை, மேலே ட்யூப் லைட், நிற்கிறவர்கள் காலுக்குக் கீழே ரப்பர் பாய். நடுவில் எட்டு அடி இருந்தால் அதிகம். அந்த எட்டு அடியைத் தாண்டிவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கை போய்விட்டது. விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போய், சோற்றில் உப்பு பட்டாலே கண்ணில் தண்ணீர் வரும். தோல் டாக்டரம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மண்ணெண்ணெயை விட்டால்தான் மருந்து கேட்கும், விடாவிட்டால் மருந்துக் கடைக்காரர்தான் நன்றாக இருப்பார் என்று சொல்லிவிட்டார்.

பெஞ்சில் நின்ற நெட்டையன் வேறு ஊருக்குப் போய்விட்டதால் இடம் காலியானது. அன்றைக்கே தம்பியிடம் கேட்டேன். பட்டறையில் போர்மேன் என் கூடப் பிறந்த தம்பிதான். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். முதலாளியிடம் கெஞ்சி அவனைப் பட்டறையில் சேர்த்து விட்டவளும் நான். அவன் தொட்டியில் ஒரு நாள்கூட நின்றதில்லை. வந்த அன்றே கையில் ஸ்பேனர்.

கேட்டதும் அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"உனக்கு வேலை தெரியும்னு எனக்குத் தெரியும்க்கா. முதலாளிக்குத் தெரியணுமே."

அப்புறம் அவனே ஒரு வழி சொன்னான். என் வீட்டுக்காரர் ஓட்டுகிற வாடகைக் கார் இரண்டு மாதமாகப் படுத்துக் கிடந்தது. பேரிங் போய், ஸ்டார்ட் பண்ணினால் உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற சத்தம். எப்படியும் எஞ்சினைக் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் செயின் பிளாக்கோடு வருவானாம். அதுதான் எஞ்சினைக் கட்டித் தூக்குகிற சங்கிலி. கூடவே, யார் கழற்றியது என்று முன்னால் சொல்லாமல், முதலாளியையும் அழைத்து வருவானாம். அதற்குள் நான் ஒருத்தியாக எல்லாவற்றையும் கழற்றி, சங்கிலியை மாட்டினால் எஞ்சின் அப்படியே மேலே வருகிற மாதிரித் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒன்றுகூட விடுபடக் கூடாது, ஒன்றுகூட உடையக் கூடாது. முதலாளி கண்ணால் பார்த்துவிட்டால் பெஞ்ச் எனக்கு.

ஒரு அட்டையைக் கிழித்துக் கழற்ற வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதிக் கொடுத்தான். பதினெட்டு இருந்தது. நான் எழுத்துக் கூட்டக் கற்றதே நாற்பதுக்கு மேல், ஆயில் டப்பா லேபிளைப் பார்த்துத்தான். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்து முடிக்க எனக்கு வெகு நேரம் ஆனது. மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றதிலிருந்து அவருக்கு அதுதான் வேலை. விஷயத்தைச் சொன்னேன். போனை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"இருபது வருஷம் ஓட்டுன நானே பானெட்டைத் திறந்தா மூடிடுவேன். நீ எஞ்சினை இறக்கப் போறியா?"

நான் இறக்கவில்லை, இறக்குவதற்குத் தயார் பண்ணத்தான் போகிறேன் என்றேன். இரண்டுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரு பார்க்கிற மாதிரி அசிங்கம் பண்ணாதே என்று சொல்லிவிட்டுப் போனை நிமிர்த்திக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். வீட்டை ஒட்டித் தகரம் போட்ட சாய்ப்பில்தான் வண்டி நின்றது. முதலில் பேட்டரி. அதிலும் மைனஸ் வயர்தான் முதலில். அதை மாற்றிச் செய்து பொறி பறந்து முடியைக் கருக்கிக்கொண்டவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அப்புறம் பானெட். கீல் இருந்த இடத்தைச் சுற்றி ஆணியால் கீறி வைத்தேன், திருப்பி மாட்டும்போது கோணாமல் உட்கார. நாலு போல்ட்டையும் தளர்த்திவிட்டேன். ஆனால் பானெட்டை ஒற்றை ஆளாக எடுத்தால் கண்ணாடி போய்விடும். வேறு வழியில்லாமல் அவரைக் கூப்பிட்டேன். வந்து ஒரு முனையைப் பிடித்தார், சுவரில் சாய்த்து வைத்தார், கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். மூன்று நாளில் அவர் வண்டியைத் தொட்டது அது ஒன்றுதான்.

ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் பிடித்தேன். எஞ்சின் ஆயிலையும் இறக்கினேன். கருமையில் மினுமினுவென்று பொடி மின்னியது. பேரிங் கரைந்து வந்த பொடி. ரேடியேட்டரை எடுத்து ஓரமாக வைத்ததும் முன்னால் கை போக இடம் கிடைத்தது. ஃபேன், ஏர் ஃபில்டர், ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள். பெட்ரோல் குழாயைக் கழற்றி, அதன் வாயில் அளவான ஒரு போல்ட்டைச் செருகிக் கட்டினேன். இல்லாவிட்டால் நாள் முழுக்கச் சொட்டும், எதிர் வீட்டில் யாராவது பீடி பற்ற வைத்தால் கதை முடிந்தது.

எதிர் வீட்டில் பீடி இல்லை, தையல்காரம்மாதான் இருந்தாள். மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். என்ன, வயிற்றைக் கிழித்துப் போட்டிருக்கிறாயே, பிரசவமா என்று கேட்டாள். சுகப் பிரசவம் ஆகவில்லை, ஆபரேஷன்தான் என்றேன். அப்பா எங்கே, வெளியே உலாத்திக்கொண்டு இருக்க வேண்டாமா என்றாள். உள்ளே படுத்திருக்கிறார், அவருக்குத்தான் வலி அதிகம் என்றேன். அவள் சிரித்த சிரிப்பு உள்ளே கேட்டிருக்கும். கேட்டதால்தானோ என்னவோ, சாயங்காலம் வரை அவர் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க வயர்களும் ஹோஸ்களும்தான். எது எங்கே போகும் என்று அடையாளம் வைக்காமல் கழற்றினால் மாட்டுகிறவர் செத்தார். பட்டறையில் பேனாவில் எழுதி ஒட்டுவார்கள். ஆயில் பட்டால் எழுத்து போய்விடும், என் தொட்டிக்கு வந்தால் காகிதமே போய்விடும். அதனால் எனக்கென்று ஒரு முறை உண்டு. பழைய போர்வையைக் கிழித்த நாடாவில் முடிச்சுப் போடுவேன். கழற்றின வயர் நுனியில் ஒரு முடிச்சு என்றால், அது இருந்த இடத்திலும் ஒரு முடிச்சு. அடுத்ததற்கு இரண்டு. ஐந்துக்கு மேல் போனால் வேறு நிறத் துணி. மண்ணெண்ணெயில் ஊறினாலும் முடிச்சு அவிழாது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும். ஊரில் எந்தப் பட்டறையிலும் இப்படிச் செய்கிற ஆள் கிடையாது. நாடாவைப் பார்த்தாலே சாமான் எடுக்கிற ஆட்கள் மண்ணெண்ணெய் அக்கா கை பட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

சனிக்கிழமைக்கு வைத்திருந்தது சைலன்சர் குழாய். எஞ்சினோடு அது சேருகிற இடத்தில் மூன்று நட்டு, மூன்றும் துரு ஏறி ஒன்றாகிப் போயிருந்தது. முந்தின நாளே ஆயில் விட்டு ஊற வைத்திருந்தேன். இரண்டு வந்தது. மூன்றாவது வரவில்லை. கீழே அட்டையைப் போட்டு மல்லாந்து படுத்து, ஸ்பேனர் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி இழுத்தேன். வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று பார்த்தார். உடைக்கப் போகிறாய், உடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாய் என்றார். நான் இழுப்பதை நிறுத்தினேன். வராத நட்டை முதலில் கொஞ்சம் இறுக்க வேண்டும். இறுகும்போது துரு நொறுங்கும். அப்புறம் திருப்பினால் வரும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எட்டு அடி தள்ளி நின்று பார்த்தது. ஒரு நூல் அளவு இறுக்கினேன், திருப்பினேன், 'க்ரீச்' என்று கத்திவிட்டு வந்தது. வந்த வேகத்தில் கை போய் வண்டி அடித்தட்டில் மோதி விரல் முட்டி கிழிந்தது. வெடித்த கைக்கு இன்னொரு வெடிப்பு, பெரிதாகத் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். அவர் போய்விட்டிருந்தார்.

அட்டையில் இருந்த பதினெட்டும் முடிந்தது. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. எஞ்சினைச் சுற்றிலும் விரலால் தடவிக்கொண்டே போனேன். பின்பக்கம், கை நுழையாத மூலையில், எஞ்சினையும் வண்டி உடம்பையும் சேர்த்து ஒரு எர்த் பட்டை இருந்தது. பின்னல் போட்ட செம்புப் பட்டை, ஒரு விரல் அகலம். அட்டையை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அதில் எர்த் பட்டை இல்லை. எத்தனையோ எஞ்சின்களில் இந்தப் பட்டை பாதி அறுந்து தொங்கத் தொங்க என் தொட்டிக்கு வந்திருக்கிறது. மறந்து தூக்கினால் அறுத்துக்கொண்டு வரும், சில சமயம் போல்ட்டையும் முறித்துக்கொண்டு வரும். தம்பி மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா தெரியவில்லை. கழற்றி, துடைத்து, மூன்று முடிச்சுப் போட்ட பச்சை நாடாவைக் கட்டினேன். எஞ்சின் வெளியே வந்தால் கியர் பாக்ஸ் தொங்கிவிடும் என்பதால் அதன் அடியில் கட்டையும் ஜாக்கியும் முட்டுக் கொடுத்தேன். எஞ்சினைப் பிடித்துக்கொண்டிருந்த கடைசி நாலு போல்ட்டை மட்டும் விட்டுவைத்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை சீவி உட்கார வைத்த மாதிரி இருந்தது எஞ்சின்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தார்கள். தம்பி, செயின் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு பட்டறை ஆட்கள் இரண்டு பேர், பின்னால் முதலாளி. முதலாளி துவைத்த சட்டையில் இருந்ததால் எதையும் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் காலையிலேயே குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக இருந்தார். நான் டீ போட அடுப்படிக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

டம்ளர்களோடு திரும்பி வரும்போது முதலாளி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையாக அடுக்கின போல்ட்டுகள், நாடா கட்டின வயர்கள், வாய் அடைத்த குழாய். ஒரு சொட்டு ஆயில் தரையில் இல்லை.

"நம்ம பசங்களே இவ்வளவு சுத்தமா கழட்ட மாட்டானுங்க. யார் செஞ்சது?" என்றார்.

"நான்தான் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

டம்ளர் தட்டு என் கையில் அப்படியே நின்றது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பானெட்டைப் பிடித்த அதே மாதிரி, ரொம்ப இயல்பாக நின்றுகொண்டிருந்தார்.

"இல்ல சார். நான் கழட்டுனது" என்றேன்.

முதலாளி சிரித்தார். கோபம் இல்லாத சிரிப்பு. வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்து, "பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தா சார். அதைச் சொல்றா" என்றார்.

அப்போது என் தம்பி வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை நேராகப் பின்பக்கம் போனது. பச்சை நாடாவைத் தொட்டு, முடிச்சை விரலால் எண்ணினான். நிமிர்ந்து என் வீட்டுக்காரரிடம், எர்த் பட்டை எந்தப் பக்கம் இருந்தது மாமா என்று கேட்டான். அதெல்லாம் கழற்றியாச்சு மச்சான், சுத்தமா எல்லாத்தையும் கழற்றியாச்சு என்றார் அவர். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அப்படி ஒன்று வண்டியில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. தம்பிக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரிந்தது முகத்திலேயே எனக்கும் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது.

"என்னப்பா போர்மேன், யார் செஞ்சது? நீ சொல்லு" என்றார் முதலாளி.

தம்பி என்னைப் பார்த்தான். நாடாவைப் பார்த்தான். கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ரெண்டு பேரும் சேந்துதான் சார்."

முதலாளி தலையை ஆட்டினார். அப்படியென்றால் மாப்பிள்ளை பெஞ்சுக்கு வரட்டும் என்றார். என்னைக் காட்டி, "இவ அங்க வந்துட்டா தொட்டிக்கு யாரு? இவ மாதிரி கழுவ ஆள் எங்க கிடைக்கும்?" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். டீயை எடுத்துக்கொண்டு, சர்க்கரை கம்மியாகப் போட்டது நல்லது என்றும் சொன்னார்.

கடைசி நாலு போல்ட்டையும் தம்பி கழற்றினான். சங்கிலியை இழுத்தார்கள். எஞ்சின் எதிலும் இடிக்காமல், எதையும் இழுக்காமல், கிணற்றிலிருந்து குடம் வருகிற மாதிரி மேலே வந்தது. ஆட்கள் இரண்டு பேரும் என் வீட்டுக்காரரைப் பார்த்து, கலக்கிட்டீங்கண்ணே என்றார்கள். அவர்கள் இரண்டு பேரும் தினமும் என் நாடாவை அவிழ்த்துச் சாமான் எடுக்கிறவர்கள்.

முதலாளி போன பிறகு தம்பியை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். கதவோரம் நின்றான். என்னால் கத்த முடியவில்லை. நீ முடிச்சைத் தொட்டுப் பார்த்தாய்தானே என்று மட்டும் கேட்டேன். ஆமாம் என்றான். ஒரு பெண்பிள்ளையைப் பெஞ்சில் நிறுத்தினால் அவனுக்குக் கீழே இருக்கிறவர்கள் அவனைத்தான் கிண்டல் பண்ணுவார்களாம். அக்காவைக் கொண்டுவந்து மேலே வைத்துவிட்டான் என்பார்களாம். மாமாவும் எத்தனை நாள் வீட்டில் சும்மா இருப்பார் என்றான்.

"மாமா வந்தா என்ன, நீ வந்தா என்னக்கா? ஒரே வீட்டுக்குத்தானே வருது."

"அப்போ நீ தொட்டிக்கு வா. நீயும் இந்த வீட்டுல வளந்தவன்தானே."

செருப்பை மாட்டிக்கொண்டு எஞ்சினை ஏற்றின வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

வீட்டுக்காரர் அன்றைக்குத் தானாகவே தட்டைக் கழுவி வைத்தார். ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். முதலாளி கேட்டதும் வாயில் வந்துவிட்டதாம். இரண்டு மாதமாக யாரும் அவரை எதுவும் கேட்டதில்லையாம். சொன்ன பிறகு அத்தனை பேர் முன்னால் எப்படி மாற்றிச் சொல்வது என்றார். நான் மாற்றித்தானே சொன்னேன் என்றேன். அதற்கு அவர், "நீ சொன்னா யாரு நம்புறா?" என்றார். திட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவர் ரப்பர் பாயில் நின்றார். நான் தொட்டிக்குப் போனேன். முதல் வேலையாக அவருக்கு ஒரு கார் எஞ்சின் வந்தது. அதன் பேரிங் மூடிகளைக் கழுவி, முடிச்சுப் போட்டு, வரிசையாக அனுப்பி வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை மாறக் கூடாது, முகமும் திரும்பக் கூடாது. கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டு முழித்தார். அப்புறம் ஒரு மூடியைக் கையில் மறைத்த மாதிரி எடுத்துக்கொண்டு, எட்டு அடி நடந்து என்னிடம் வந்தார்.

"இது எந்தப் பக்கம் பாக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குத் தெரியும். மூடியில் ஒரு பக்கம் சின்னக் காது மாதிரிப் பள்ளம் இருக்கும். எஞ்சினிலும் அந்தப் பக்கம்தான் பள்ளம் இருக்கும். பள்ளத்துக்குப் பள்ளம். சொல்ல ஒரு விநாடி போதும். சொல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் அவர் வண்டவாளம் வெளியே வந்துவிடும். பெஞ்சில் இடம் மறுபடியும் காலியாகும். என் வாயில்தான் இருந்தது அது.

"எனக்குக் கழுவத்தான் தெரியும்" என்றேன்.

அவர் நின்றார். மற்ற பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். காது சிவந்துபோய் அந்த மூடியை உருட்டிக்கொண்டே நின்றார். நான் தலையைக் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தேன்.

தம்பி வந்தான். என்னைப் பார்க்கவில்லை. அவர் தோளில் கையைப் போட்டு, வாங்க மாமா என்று பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மூடியை வாங்கி, பள்ளத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினான். மூன்றாவதை அவர் திருப்பி வைத்தபோது சிரித்துக்கொண்டே கழற்றி, முதல் நாள் எல்லாரும் செய்கிறதுதான் என்றான். தன் வேலையை விட்டுவிட்டுக் காலை முழுக்க அவர் பக்கத்திலேயே நின்றான். பத்தொன்பது வருஷம் எட்டி நின்று பார்த்துப் பார்த்து நான் சேர்த்ததில் பாதியை அவர் பன்னிரண்டு மணிக்குள் கற்றுக்கொண்டார். மடையரில்லை அவர். சொல்லிக் கொடுத்தால் வந்துவிடுகிறது.

சாப்பாட்டு மணி அடித்ததும் பெஞ்சுக்காரர்கள் எல்லாரும் ஆயில் கையைக் கழுவத் தொட்டிக்கு வந்தார்கள். அவரும் வந்தார். நான் நகர்ந்து இடம் விட்டேன். கையை முக்கி எடுத்து, துடைக்கத் துணி எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.